பெத்லகேமில் மூன்று மாதங்கள்

"புனித நாட்டுக்குப் போய் வந்தீர்களாமே, என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" என்று சங்கத்து நண்பர்கள் பலர் கேட்பதுண்டு. பத்து நாள் சுற்றுலாவாகப் போயிருந்தால் ஒரு பட்டியலைச் சொல்லி முடித்திருப்பேன். நான் போனதோ தொண்டு செய்ய. 2019-ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை, பெத்லகேமில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லத்தில் தங்கியிருந்தேன். படுக்கை விரிப்புகளை மாற்றுவதும் துவைப்பதும், முதியோருக்கு உணவு ஊட்டுவதும் வேலை. தங்க இடமும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. ஊர் பார்த்ததெல்லாம் அந்த நாள்களில்தான்.

எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எரிகோவோ கடல் மட்டத்துக்கும் கீழே சுமார் 250 மீட்டர் பள்ளத்தில். நல்ல சமாரியன் கதையில் வழிப்போக்கன் எரிகோவுக்கு இறங்கிப் போவதாக வரும். பேருந்தில் காது அடைத்தபோதுதான் அந்தச் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. எருசலேமில் போட்டிருந்த ஸ்வெட்டரை எரிகோவில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கலிலேயாக் கடல் என்பது உண்மையில் கடலன்று. சுமார் 21 கிலோமீட்டர் நீளமுள்ள நன்னீர் ஏரி. சுற்றிலும் குன்றுகள். அவற்றிலிருந்து திடீரென்று இறங்கும் காற்று அமைதியான நீரைக் கொந்தளிக்கச் செய்துவிடும். 1986-இல் வறட்சியால் நீர் வற்றியபோது, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான மீன்பிடி படகு ஒன்று கரைச் சேற்றில் அகப்பட்டது. நீளம் 8 மீட்டர் சொச்சம்தான். இன்று கினோசர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதனருகே நின்றால், புயலில் சீடர்கள் ஏன் அப்படி அலறினார்கள் என்பது தெரியும்.

எருசலேமில் ஒலிவ மலை மீதுள்ள பாத்தர் நோஸ்தர் ஆலயச் சுவர்களில், இயேசு கற்பித்த ஜெபம் பல மொழிகளில் பதிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் தமிழும் உண்டு. அயல் மண்ணில் நம் எழுத்தைக் கண்டதும் சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

பெத்லகேமிலிருந்து எருசலேம் 10 கிலோமீட்டர். கரோல்பாகிலிருந்து நம் சங்கக் கட்டடத்துக்கு வரும் தூரம். ஆனால் இடையே ஒரு சுவர். 2002-இல் கட்டத் தொடங்கியது. சில இடங்களில் 8 மீட்டர் உயரம். தற்கொலைத் தாக்குதல்களைத் தடுக்கவே கட்டினோம் என்கிறது இஸ்ரேல். எங்கள் நிலத்தையும் பிழைப்பையும் பறித்தது என்கிறார்கள் பாலஸ்தீனர்கள். மேற்குக் கரையில் வாழ்பவர் எருசலேம் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். பேருந்து சோதனைச் சாவடியில் நின்றதும் உள்ளூர்க்காரர்கள் இறங்கி வரிசையில் நிற்பார்கள். நான் இந்தியப் பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு உட்கார்ந்தே இருப்பேன்.

எங்கள் இல்லத்தில் சமையல் செய்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும், பரம்பரைக் கிறிஸ்தவர். ஈஸ்டருக்குக் கிறிஸ்தவர்களுக்கு அனுமதிச் சீட்டு கொடுப்பதுண்டு; எல்லாருக்கும் கிடைத்துவிடாது. அந்த ஆண்டு அவருடைய பிள்ளைகளுக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. நான் திருக்கல்லறை ஆலயத்துக்குப் புறப்பட்ட காலையில் ஒரு கைக்குட்டையைக் கொடுத்தார். இயேசுவின் உடலைக் கிடத்தித் தைலம் பூசியதாக நம்பப்படும் கல் அங்கே இருக்கிறது. யாத்திரிகர்கள் அதில் துணியை ஒற்றி எடுத்துச் செல்வது வழக்கம். "எனக்காக ஒற்றி வா, மகளே" என்றார்.

அந்த ஆலயத்தைப் பல சபையினர் பங்கிட்டுக்கொண்டு வழிபடுகிறார்கள்; கதவின் சாவியோ பல நூற்றாண்டுகளாக முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில். இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஆனால் அந்தக் கல்லின் முன் மண்டியிட்டபோது மனத்தில் நின்றது கைக்குட்டைதான். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த எனக்குக் கதவு திறந்தது. பக்கத்து ஊர்க்காரருக்குத் திறக்கவில்லை. மாலையில் கைக்குட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து, மடித்து, மார்பில் வைத்துக்கொண்டார்.

2023 அக்டோபரில் போர் மூண்டபின் யாத்திரிகர் வருகை வெகுவாகக் குறைந்து, அவர்களை நம்பியிருந்த பெத்லகேம் வாசிகள் பெரிதும் வாடினார்கள். நிலைமை சீரான காலத்தில் நீங்கள் போக நேர்ந்தால் ஒரு வேண்டுகோள். சுற்றுலாப் பேருந்துகள் பல, பெத்லகேமில் சில மணி நேரமே நின்று திரும்பிவிடுகின்றன. நீங்கள் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். தேவாலயத்தைப் பார்த்தபின், அங்கு வாழ்கிறவர்களோடும் உட்கார்ந்து ஒரு தேநீர் அருந்திவிட்டு வாருங்கள்.