சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகு

என் சித்தப்பாவுக்கு முதல் சிக்கல் வங்கியில்தான் வந்தது. தபால் துறையில் முப்பது வருடம் பேரேடு எழுதிய கை. பணம் எடுக்கப் போனவரிடம், கவுன்ட்டரில் இருந்த பெண் காசோலையையும் கணினித் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், கையெழுத்து ஒத்துவரலையே" என்றிருக்கிறார். இன்னொரு முறை போட்டார். இன்னும் சின்னதாக வந்தது. மூன்றாவது கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல வந்து பாதியில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே ரசத்தில் வாசனையே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி அதைத் தன் கைப்பக்குவத்தைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

நரம்பியல் மருத்துவர் விரல்களைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "பார்க்கின்சன்" என்றார். நாம் நடுக்குவாதம் என்று சொல்வதுதான். மாத்திரைச் சீட்டு கைக்கு வந்தது, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். ஆறு நிமிடம் ஆகியிருக்கும். வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். அந்த மருத்துவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தச் சீட்டுக்கும் அடுத்த சந்திப்புக்கும் நடுவில் கிடக்கும் தொண்ணூறு நாட்களை யார் பார்த்துக்கொள்வது? அதே நோயோடு சில வருடம் குடித்தனம் நடத்திய இன்னொருவர்தான் அதற்குச் சரியான ஆள் என்பது என் அனுபவம்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. அதனால் அசைவு தாமதமாகிறது, தசை விறைக்கிறது, பலருக்குக் கை நடுங்குகிறது. நடுக்கமே இல்லாதவர்களும் உண்டு. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு பேரை வைத்து இந்த நோயை விவரித்தார். அந்த ஆறு பேரில் சிலரை அவர் தெருவில் பார்த்ததோடு சரி. தெருவில் பார்த்தாலே தெரிகிற நோயைத்தான் நாம் வீட்டுக்குள் மறைக்கப் பார்க்கிறோம். 1960களின் இறுதியில் வந்த லெவோடோபாதான் இன்றும் முதன்மையான மருந்து. அது நோயைக் குணமாக்காது. ஆனால் அறிகுறிகளை நன்றாகவே அடக்கும், பல வருடம் ஓடியாடி வாழ வைக்கும்.

ஏழு மாதம் மறைத்துவிட்டு, ஒரு நூலக மாடியில் கூடும் சிறிய குழுவுக்குச் சித்தப்பா வந்தார். நானும் உடன் போனேன். பன்னிரண்டு பேர், அவர்களோடு துணைக்கு வந்தவர்கள். நடத்தியவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, நோய் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு.

"மாத்திரையை எதோட போடுறீங்க சார்?"

"காலையில காபியோட, டீச்சர். மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும்."

"மத்தியான மாத்திரை சரியா வேலை செய்யுதா?"

சித்தப்பா யோசித்தார். "சில நாள் போட்டதும் போடாததும் ஒண்ணாத்தான் இருக்கு."

அது பருப்பின் வேலை. புரதம் செரித்துக் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறும் அதே வழியில்தான் லெவோடோபாவும் ஏற வேண்டும். பருப்பு, பால், முட்டை, கறி எல்லாம் சேர்ந்து வந்தால் மருந்து வரிசையில் பின்னால் நிற்கும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் வெறும் தண்ணீரில் போடுவது பலருக்கு ஒத்துவருகிறது. வயிறு புரட்டுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரு பிஸ்கட்டோடு போடலாம். இந்த விவரம் இல்லாமல் சித்தப்பா ஏழு மாதத்தை ஓட்டியிருக்கிறார்.

அடுத்து வாசல். நடந்து வருகிறவர் நிலைப்படி அருகில் வந்ததும் பாதம் தரையில் ஒட்டிக்கொள்கிறது. பின்னாலிருந்து தள்ளினால் விழுந்துவிடுவார். அந்த ஆசிரியை எழுந்து, தரையில் சாக்பீஸால் ஒரு முழ இடைவெளியில் நாலு குறுக்குக் கோடு போட்டார். கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கச் சொன்னார். சித்தப்பாவின் கால் தூக்கிக்கொண்டது! பழகிப்போன நடையைத் தானாக நடத்தும் மூளைப் பாதை மக்கர் செய்யும்போது, கண்ணால் பார்த்துத் தாண்டும் பாதை கைகொடுக்கிறது. மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணுவதும் தாளம் போடுவதும் இதே தந்திரம்தான். மறுநாளே சித்தி கழிவறை வாசலில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டார்.

இப்படி நோயாளிகளும் குடும்பத்தாரும் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது புதிதல்ல. பிரிட்டனில் 1969இல், தன் சகோதரிக்கு இந்த நோய் வந்ததால் மாலி ஜென்கின்ஸ் என்ற பெண் தொடங்கிய சங்கம்தான் இன்றைய 'பார்க்கின்சன்ஸ் யூகே'. இந்தியாவில் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பார்க்கின்சன்ஸ் டிசீஸ் அண்ட் மூவ்மென்ட் டிசார்டர் சொசைட்டி 2001இலிருந்து இயங்குகிறது. பல ஊர்களில் ஆதரவுக் குழுக்களை நடத்துகிறது. உங்கள் ஊரில் ஒன்றும் இல்லையென்றால், அரசு மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் பிரிவிலும் பிசியோதெரபி பிரிவிலும் கேளுங்கள். நான்கு பேர் சேர்ந்தாலே ஒரு குழுதான்.

ஆனால் எல்லாக் குழுவும் நல்ல குழு இல்லை. ஒருவர் தன் மாத்திரை அளவை இன்னொருவருக்குச் சொல்லி, "எனக்கு அரையைக் கூட்டினதும் ஜம்முனு ஆயிடுச்சு" என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். ஒருவருக்குச் சரியான அளவு, இன்னொருவருக்கு உடம்பு கட்டுப்பாடின்றி நெளியும் நிலையைக் கொண்டுவரலாம், மனப்பிரமையையும் கொண்டுவரலாம். யாரோ சொன்னார் என்று மாத்திரையைத் திடீரென நிறுத்துவது இன்னும் மோசம். கடும் காய்ச்சல், விறைப்பு, நினைவு தடுமாறுதல் என்று உயிருக்கே ஆபத்தாகும். நேரம், சாப்பாடு, நடை, கேள்வி கேட்கும் தைரியம் இவற்றைச் சக நோயாளி சொல்லித்தரலாம். அளவு மருத்துவருடையது. புதிதாக வந்தவரிடம் பத்து வருடம் கழித்து நடக்கப்போவதையெல்லாம் முதல் நாளே கொட்டுகிறவரையும் கொஞ்சம் தள்ளி உட்காரவைப்பது நல்லது. இந்த நோய் இருவருக்கு ஒரேபோலப் போவதில்லை. குழுவில் பேசியதை வெளியே பேசக்கூடாது. எண்ணெய், பொடி, பாலிசி எதையும் அங்கே விற்கக்கூடாது.

விற்பவர்கள் வருவார்கள். "ஸ்டெம் செல் போட்டால் குணம்" என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. பார்க்கின்சனுக்கு அது அனுமதிக்கப்பட்ட சிகிச்சை அல்ல, முறையாகப் பதிவான ஆய்வுகளுக்குள் மட்டுமே கொடுக்கலாம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல். ஆய்வென்றால் நோயாளியிடம் காசு கேட்க மாட்டார்கள். பார்க்கின்சனைக் குணமாக்குவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று மருந்து மற்றும் அழகுசாதன விதிகளின் 'ஜே' அட்டவணையும் தடுக்கிறது. ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பூனைக்காலி விதை விஷயம் வேறு. அதில் லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது. அதனால்தான் மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து, மருந்தின் அளவு எகிறிவிடும்.

மருந்துக் கடையில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் ஆபத்தும் உண்டு. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெராசின், மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் ஆகியவை மூளையில் டோபமைனைத் தடுப்பவை. குழுவில் ஒருவர் சொன்னார்: காய்ச்சலுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்ந்த இடத்தில் வாந்திக்கு ஊசி போட்டார்கள், மறுநாள் கட்டிலில் புரளக்கூட முடியவில்லை. தலைச்சுற்றலுக்கு நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் சின்னரிசின், புளூனரிசின் இரண்டும் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளை உண்டாக்கக்கூடியவை. நோய் என்று முடிவு கட்டுமுன், இவற்றைச் சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிறுத்தினால் சிலருக்கு எல்லாமே சரியாகிவிடும். மருத்துவமனையில் சேர்ந்தால் உங்கள் மாத்திரையை உங்கள் நேரத்துக்கே தர வேண்டும் என்று எழுதிய அட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். வார்டு ரவுண்ட்ஸ் நேரத்துக்கு இந்த மருந்து காத்திருக்காது.

வெட்கத்தில் யாரும் சொல்லாத ஒன்று. பிராமிபெக்சோல், ரோபினிரோல் வகை மாத்திரைகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்டம், ஓயாத பொருள் வாங்கல், காமம் ஆகியவற்றைத் தூண்டிவிடும். மனிதர் கெட்டுப்போய்விட்டார் என்று வீடு நினைக்கும். இது மருந்தின் பக்கவிளைவு, மாற்றினால் அடங்கும். மனைவியிடமும் மருத்துவரிடமும் சொல்ல முடியாததை, "எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்று ஒருவர் சொன்ன பிறகுதான் பலர் வாய் திறக்கிறார்கள். மனச்சோர்வும் இப்படித்தான், இந்த நோயிலேயே அடங்கியது. இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416இல் தமிழில் பேசலாம்.

இனி உரிமைகள். 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, பார்க்கின்சன் இல்லை. 2016ஆம் ஆண்டு சட்டம் அதை இருபத்தொன்றாக்கி, பார்க்கின்சனைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று தந்தால் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி திறக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் உதவுவார்கள். சோதனைக்குப் போகும் நாளில் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் மட்டும் உங்களைப் பார்த்தால் "நல்லாத்தானே நடக்கிறீங்க" என்பார்கள். மருந்தின் வேகம் இறங்கிய நேரத்தில் நடப்பதைக் கைபேசியில் படம்பிடித்துக் கொண்டுபோகச் சொன்னது அந்த ஆசிரியைதான். தமிழ்நாட்டில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. தகுதி விவரத்தையும் அதே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

அரசு வேலையில் இருக்கும்போது நோய் வந்தால் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. அந்த வேலை முடியாதென்றால் அதே ஊதியத்தில் வேறு வேலை, அதுவும் இல்லையென்றால் உபரிப் பணியிடம். மீறினால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். பயத்தில் தாங்களாகவே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு இதைத் தெரிந்துகொண்ட இருவரை நானே பார்த்தேன். காப்பீட்டைப் பொறுத்தவரை, மூளைக்குள் மின்முனை வைக்கும் டிபிஎஸ் அறுவை சிகிச்சையை ஒழுங்குமுறை ஆணையம் 2019இலேயே பாலிசிகள் ஒதுக்கக்கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. எவ்வளவு தொகைவரை என்பதைப் பாலிசியில் படித்துப் பாருங்கள்.

சித்தப்பாவின் வங்கிக் கதைக்கும் வழி இருந்தது. உடல்நலக் குறைவால் கையெழுத்துப் போட முடியாதவர் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம், இரண்டு சாட்சிகள் போதும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் வழிமுறை. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் தரும் சேவை வேண்டும் என்று 2017இல் அது வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அன்று கவுன்ட்டரில் நின்ற சித்தப்பாவுக்கு அது தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது போலிருக்கிறது.

உங்களுக்கு இந்த நோய் வந்து நாலைந்து வருடம் ஆகிவிட்டதென்றால், அடுத்த முறை நரம்பியல் பிரிவுக்குப் போகும்போது உங்கள் கைபேசி எண்ணை அங்குள்ள செவிலியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். புதிதாகச் சீட்டு வாங்கி வெளியே வருகிற யாரோ ஒருவர் கூப்பிடுவார். எண்ணைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள்.