இரு செவியும் சூழொலியும்

கண்ணை மூடிக்கொண்ட ஒருவனுக்கும் உலகம் முற்றாக மறைந்து விடுவதில்லை. பின்னே வருபவரின் காலடியோசையும், இடப்புறத்தே சாத்தப்படும் கதவின் ஓசையும், கூரைமேல் விழும் மழையின் ஓசையும் தத்தம் இடங்களில் நின்றே அவனுக்குத் தம்மை அறிவிக்கின்றன. கண் தன் முன்னுள்ள பொருளையே காணும். செவியோ நாற்றிசையையும் மேலையும் கீழையும் ஒருங்கே காவல் செய்யும். இவ்வரிய தொழிலுக்காக இயற்கை நமக்கு அளித்துள்ள செவிகளோ இரண்டேயாம்.

இன்று ஹெட்போன் அணியாத மாணவரைக் காண்பது அரிது. அக்கருவிகளை அடைத்து வரும் பெட்டிகளிற் பலவற்றின் மேல் ‘சரவுண்ட் சவுண்ட்’ என்றும் ‘7.1’ என்றும் பெரிய எழுத்திற் பொறித்திருப்பர். கேட்போரைச் சூழப் பல ஒலிபெருக்கிகளை நிறுத்தித் திரையரங்குகள் உண்டாக்கும் சூழொலியை, செவியோடு ஒட்டிய இரு சிறு கருவிகள் உண்டாக்க வல்லனவா? ஆம் எனின் எவ்வாறு? அன்று எனின், பெற்றோரின் பணத்தை அதற்கெனச் செலவிடுதல் தகுமா? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர், முதற்கண் ஒலியின் திசையை நாம் எங்ஙனம் உணர்கின்றோம் என்பதை அறிதல் வேண்டும்.

இத்துறையில் அடிப்படை அமைத்தவர் ஆங்கிலப் பௌதிகவியலாளர் றேலி பிரபு ஆவார். 1904ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற இவ்வறிஞர், 1907இல் வெளியிட்ட கட்டுரையில், திசையுணர்ச்சிக்கு இருவகைக் குறிப்புகள் உதவுகின்றன என விளக்கினார். வலப்புறத்தே எழும் ஓசை வலச்செவியை முந்தியும் இடச்செவியைப் பிந்தியும் அடையும். தலையைச் சுற்றிச் செல்லவேண்டிய அதிகத் தூரம் ஏறத்தாழ 22 சதமமீற்றர் ஆதலின், இப்பிந்துகை ஒரு செக்கனில் 10,000இல் 6 அல்லது 7 பங்கினை விஞ்சாது. இது காலக் குறிப்பு. மற்றையது உரப்புக் குறிப்பு. செக்கனுக்கு 5,000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 சதமமீற்றர். அத்தகைய சிற்றலைக்குத் தலை ஒரு சுவர்போல் நின்று தடை செய்தலால், மறுபுறச் செவியில் அவ்வொலி மெலிந்தே கேட்கும். செக்கனுக்கு 500 முறை அதிரும் ஒலியின் அலைநீளமோ 69 சதமமீற்றர் அளவினது. அது தலையை எளிதில் வளைந்து சென்றுவிடும். ஆகவே தாழ்ந்த ஒலிகளுக்குக் காலமும், உயர்ந்த ஒலிகளுக்கு உரப்பும் சான்றாகின்றன.

காலக் குறிப்பின் நுண்மையை அறியப் பெரிய ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமுள்ள இறப்பர்க் குழாய் ஒன்றை எடுத்து, அதன் சரிநடுவை மையினாற் குறித்துக்கொள்க. நண்பர் ஒருவர் அதன் இரு முனைகளையும் தம் இரு செவிகளிலும் மெல்ல வைத்து, குழாயைத் தம் முதுகின் பின்னே தொங்க விடுவாராக. நடுக்குறியின் வலப்பக்கத்தே ஒரு சில சதமமீற்றர் தள்ளிப் பென்சிலால் மெதுவாகத் தட்டுக. பின் இடப்பக்கத்தே தட்டுக. எப்பக்கம் தட்டப்பட்டது என்பதை அவர் தவறாது கூறுவர். நடுவிலிருந்து ஒரு சதமமீற்றர் தள்ளித் தட்டின், இரு பாதைகளுக்கும் உள்ள வேறுபாடு 2 சதமமீற்றரேயாம். அதனைக் கடக்க ஒலிக்கு வேண்டிய காலம் ஒரு செக்கனை 17,000 கூறாக்கியவற்றுள் ஒரு கூறு. பயின்ற செவி இதனினும் சிறிய வேறுபாட்டை, ஒரு செக்கனின் 100,000இல் ஒரு பங்கினைக்கூட, உணரவல்லது. மணிக்கூட்டு முள்ளுக்கு எட்டாத இந்நுண்கணக்கை மூளை நாம் அறியாமலே நாள்முழுதும் செய்துகொண்டிருக்கின்றது.

ஆயினும் இவ்விரு குறிப்புகளும் போதியன அல்ல. முன்புறத்தே வலப்பக்கமாக 30 பாகையில் நிற்கும் ஒலியும், பின்புறத்தே வலப்பக்கமாக 30 பாகையில் நிற்கும் ஒலியும் ஏறக்குறைய ஒரே கால வேறுபாட்டையும் ஒரே உரப்பு வேறுபாட்டையும் தரும். அங்ஙனமாயின் முன்னையும் பின்னையும், மேலையும் கீழையும் பிரித்தறிவது எவ்வாறு? இங்கேதான் அழகுக்கென நாம் எண்ணியிருக்கும் செவிச்சோணை தன் தொழிலைக் காட்டுகின்றது. அதன் மேடு பள்ளங்களிற் பட்டுத் தெறிக்கும் ஒலியலைகள், நேரே செவிக்கால்வாயுட் புகும் அலைகளோடு கலந்து, சில மீடிறன்களை வலுப்படுத்தியும் சிலவற்றை மெலிவித்தும் விடுகின்றன. ஒலி எத்திசையில் நின்று வருகின்றதோ அதற்கேற்ப இம்மாற்றமும் வேறுபடும். இக்குறிப்புகள் பெரும்பாலும் செக்கனுக்கு 4,000 அதிர்வுக்கு மேற்பட்ட உயர்ந்த ஒலிகளிலேயே அமைந்துள்ளன. இதனை வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும். இறுதியில் இதுபற்றி மீண்டும் பேசுவோம்.

இன்னுமொரு துணை தலையின் அசைவு. தலையைச் சிறிது வலப்புறம் திருப்பினால், முன்னே உள்ள ஒலி இடச்செவியை நெருங்கும்; பின்னே உள்ள ஒலியோ வலச்செவியை நெருங்கும். முன்பின் என்னும் ஐயம் அக்கணமே தீர்ந்துவிடும். இவ்வுண்மையை ஹான்ஸ் வலக் என்னும் உளவியலறிஞர் 1940இல் பரிசோதனைகளால் நிலைநாட்டினார்.

இனி ஹெட்போனுக்கு வருவோம். வீட்டில் இரு ஒலிபெருக்கிகளுக்கு எதிரே அமர்ந்து இசை கேட்கும்போது, இடப்புறக் கருவியின் ஒலி இடச்செவிக்கு மட்டுமன்றி, சற்றுப் பிந்தி, சற்று மெலிந்து, வலச்செவிக்கும் செல்கின்றது. ஹெட்போனிலோ இடப்புற ஒலி இடச்செவியோடும் வலப்புற ஒலி வலச்செவியோடும் நின்றுவிடுகின்றது. தலையின் தடையுமில்லை, சோணை செய்யும் திசைக்கேற்ற மாற்றமுமில்லை, சுவர்களிற் பட்டு வரும் எதிரொலியுமில்லை. தலையைத் திருப்பினால் இசையரங்கு முழுவதும் தலையோடு சேர்ந்து திரும்புகின்றது. இயற்கையில் எந்த ஒலியும் இவ்வாறு நடப்பதில்லை. ஆகையால் மூளை வேறு வழியின்றி, ஒலி தலைக்குள்ளேயே எழுகின்றது என முடிவு செய்கின்றது. பாடகர் நம் நெற்றியின் நடுவே அமர்ந்து பாடுவதுபோலத் தோன்றுவதன் காரணம் இதுவே.

இக்குறையை நீக்க எடுத்த முயற்சிகள் பழையன. 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியின்போது கிளெமாங் அதேர் என்பவர், ஒபேரா அரங்கின் மேடை விளிம்பிற் பல தொலைபேசி ஒலிவாங்கிகளை வைத்து, கண்காட்சிக்கு வந்தோர் இரு செவிக்கும் இரு கருவி வைத்துக் கேட்கச் செய்தார். பாடுவோர் மேடையில் இடம்பெயர்வதை அவர்கள் செவியாலேயே உணர்ந்து வியந்தனர். 1933இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில், பெல் ஆய்வுகூடத்தார் ‘ஒஸ்கார்’ எனப் பெயரிட்ட பொம்மை ஒன்றன் தலையில் இரு ஒலிவாங்கிகளைப் பொருத்தி, பொம்மை கேட்பதை மக்களும் கேட்கச் செய்தனர். 1973இல் நொய்மன் நிறுவனத்தின் செயற்கைத் தலையைக் கொண்டு பதிவு செய்த வானொலி நாடகம் பெர்லினில் ஒலிபரப்பாயிற்று.

இம்முயற்சிகளின் கருத்து எளியது, ஆனால் ஆழமானது. எத்தனை திசைகளில் நின்று ஒலி வரினும், ஈற்றில் மூளைக்குச் செல்வன இரு செவிப்பறைகளின் அதிர்வுகளேயாம். அவ்விரு அதிர்வுகளையும் உள்ளவாறே மீட்டும் படைத்துவிட்டால், ஒலி வெளியே நின்று வருகின்றதா, ஹெட்போனில் நின்று வருகின்றதா என மூளை அறிய வழியில்லை. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடரிக் வைற்மன், டோரிஸ் கிஸ்லர் என்னும் இருவரும் 1989இல் இதனைச் சோதித்தனர். கேட்போரின் செவிக்கால்வாயுள் மிக நுண்ணிய ஒலிவாங்கிகளை வைத்து, பல திசைகளில் நின்று வரும் ஒலி அவரவர் செவியில் எவ்வாறு மாறுகின்றது என அளந்தனர். அம்மாற்றத்தைக் கணினியால் ஒலியிற் சேர்த்து ஹெட்போன் வாயிலாகக் கேட்பித்தபோது, அவர்கள் மெய்யான ஒலிபெருக்கிகளின் திசையைக் கூறியதற்கு மிக நெருங்கிய நுட்பத்துடன் திசையைக் கூறினர். முன்பின் மயக்கம் மாத்திரம் சற்று மிகுந்தது.

இன்றைய சூழொலி ஹெட்போன்களின் உள்ளே நடப்பதும் இதுவே. ஐந்து ஒலிபெருக்கி முறையில் ஒன்று நேர்முன்னும், இரண்டு 30 பாகையில் இருமருங்கும், இரண்டு ஏறத்தாழ 110 பாகையிற் பின்னோக்கியும் நிற்கும். ஒவ்வொன்றன் ஒலியும் இரு செவிக்கும் செல்லும்போது அடையும் மாற்றங்கள் பத்து. இப்பத்தினையும் கணினி கணித்து இரண்டாகத் தொகுத்துச் செவிக்கு அளிக்கின்றது.

அங்ஙனமாயின் ஒரே கருவி ஒருவருக்கு மெய்போலவும் மற்றொருவருக்குப் பொய்போலவும் தோன்றுவது ஏன்? கைரேகைபோலச் சோணையின் வடிவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எல்லோருக்கும் பொதுவான ஒரு தலையின் அளவைக் கொண்டே பெரும்பாலான கருவிகள் அமைக்கப்படுகின்றன. எலிசபெத் வென்செல் முதலியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் செவியின் அளவுகளைக் கொண்டு கேட்டோர் இடம் வலம் நன்கறிந்தனர். ஆனால் முன்பின், மேல்கீழ் என்பவற்றிற் பெரிதும் மயங்கினர். பிறர் மூக்குக்கண்ணாடியை அணிந்து வாசிப்பது போன்ற நிலை இது. ஆயினும் மூளை கற்கும் இயல்பினது. 1998இல் நெதர்லாந்து அறிஞர் ஹொஃப்மன் குழுவினர், சிலருடைய சோணைகளுள் அச்சுத் துண்டுகளைப் பொருத்தி அவற்றின் வடிவை மாற்றினர். மேல்கீழ் உணர்ச்சியை உடனே இழந்த அவர்கள், சில வாரங்களில் அதனைத் திரும்பப் பெற்றனர். துண்டுகளை நீக்கியபின் பழைய செவியையும் அவர்கள் மறந்திலர்.

அண்மைக் காலத்து முன்னேற்றங்கள் இக்குறைகளையே குறிவைக்கின்றன. 2019இல் சோனி நிறுவனம் செவியின் நிழற்படத்தைக் கொண்டு ஒலியைப் பொருத்தும் முறையை அறிமுகம் செய்தது. 2020இல் அப்பிள் நிறுவனம் தலையின் அசைவை அறிந்து ஒலியைத் திருத்தும் முறையையும், 2022இல் தொலைபேசிக் கமராவாற் செவியை அளக்கும் முறையையும் கொண்டுவந்தது. தலையைத் திருப்பினும் ஒலி தன் இடத்திலேயே நிற்குமாயின், அது தலைக்கு வெளியே இருப்பதாக மூளை எளிதில் நம்பும்.

எனவே விடை இதுவாகும்: ஹெட்போன் நம்பத்தகுந்த சூழொலியை உண்டாக்க வல்லதே. ஆனால் மூன்று நிபந்தனைகள் உள. ஒலியின் மாற்றம் கேட்பவரின் சொந்தச் செவிக்குப் பொருந்தல் வேண்டும். தலையசைவுக்கு ஏற்ப அது மாறல் வேண்டும். நாம் அமர்ந்திருக்கும் அறைக்கு ஒத்த எதிரொலி அதிற் கலந்திருத்தல் வேண்டும். மூன்றும் கூடின் மாயம் நிறைவுறும். குறையக் குறைய ஒலி தலையை நெருங்கி ஈற்றில் உள்ளே புகும். உடலையே அதிரச் செய்யும் தாழ்ந்த முழக்கத்தைச் செவிக்கருவி தரமாட்டாது என்பதும் உண்மை.

வாங்க எண்ணும் மாணவருக்கு ஒரு சொல். செவிக்கூட்டினுள் எத்தனை சிறு ஒலிபெருக்கிகள் அடங்கியுள்ளன என்னும் எண்ணிக்கையைக் கண்டு மயங்கற்க. இடக்கூட்டில் நான்கு வைப்பினும், அவற்றின் ஒலி தலையைச் சுற்றி வலச்செவிக்குச் செல்லமாட்டாது. இரண்டே கொண்ட தெளிவான நல்ல ஹெட்போனும், செவ்விய கணிப்பும் சேரின் அதனினும் நன்று. வாங்குமுன் கண்ணை மூடிச் சிறிது நேரம் கேட்க. பிறர் செவிக்கு இனித்தது உம் செவிக்கும் இனிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இதனினும் பெரிய செய்தி ஒன்றுண்டு. திசையறிவுக்குரிய நுண்குறிப்புகள் 4,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகளில் உள்ளன என முன்னர்க் கூறினோம். மிகையோசையாற் செவி கெடும்போது முதலில் தாக்குண்பது பெரும்பாலும் இந்த 4,000ஐச் சூழ்ந்த பகுதியே. முதுமையிற் குறைவதும் முதற்கண் உயர்ந்த ஒலிகளே; எம் பழைய மாணவரிற் பலர் கூட்டத்தின் நடுவே பேசுபவர் எப்பக்கம் உள்ளார் எனத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த நெறியின்படி, வளர்ந்தோர் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேற் கேட்டல் ஆகாது. 3 டெசிபல் கூடுந்தோறும் அக்காலம் பாதியாகும். 83இல் 20 மணி, 86இல் 10 மணி. அவ்வாறு கெட்ட உட்செவியின் மயிர்க்கலங்கள் மீண்டும் முளைப்பதில்லை.

உரத்த ஒலியில் சூழொலியைத் தேடுபவன், அதனை உணரும் பொறியையே சிறிது சிறிதாக அழித்துக்கொள்கின்றான். கருவி பழுதுற்றால் வேறொன்று வாங்கலாம். கடைகளிற் கிடையாத இரண்டினை மட்டும் காத்துக்கொள்வது கேட்பவர் கடன்.