தும்பாவுக்கு ஒரு நாள்: போகலாமா, வேண்டாமா?

லீவு விட்டால் போதும், "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கம்மா" என்ற நச்சரிப்பு எல்லா வீட்டிலும் உண்டு. கடற்கரை, கோயில், உறவுக்காரர் வீடு என்று நாமும் சுற்றிச் சுற்றி அதே இடங்களுக்குத்தான் போகிறோம். இந்தத் தடவை எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு புது இடத்தின் பெயரைச் சொன்னாள். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் இருக்கும் விண்வெளி அருங்காட்சியகம்.

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே இன்னும் கொஞ்ச தூரம் போனால் தும்பா. காலையில் கிளம்பினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனாலும் என் கணவர் ஒரே வார்த்தையில் அடித்துவிட்டார்: "ராக்கெட் படம் செல்போனிலேயே ஆயிரம் கிடக்கு. அதுக்கு ஒரு நாள் லீவும் போட்டு, பணமும் செலவழிக்கணுமா?"

கேள்வி நியாயமானதுதான். மாதச் சம்பளக் குடும்பத்தில் ஒரு நாள் பிரயாணம் என்பது சின்ன விஷயமா? ரயில், ஆட்டோ, தின்பண்டம், "அம்மா, இது வாங்கித் தாங்க" என்று வழியெல்லாம் வரும் செலவு, அடுத்த நாள் உடம்பு வலி என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறதே! நானும் இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் எங்களைக் கிளப்பியது என் மாமியார்தான்.

அத்தை பார்த்த வெளிச்சம்

தும்பா என்ற பேச்சு காதில் விழுந்ததும் அத்தை, "அங்கேயிருந்துதானே ராக்கெட் விடுவாங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு பழைய கதையைச் சொன்னார்கள். அத்தைக்குப் பிறந்த ஊர் தக்கலைப் பக்கம். பத்து வயதுப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில், வடமேற்கு வானத்தில் ஆரஞ்சும் மஞ்சளுமாக ஏதோ புகை மாதிரி படர்ந்ததாம். தெருவே கூடிவிட்டதாம். வால் நட்சத்திரம் என்றார் ஒருவர், நாட்டுக்கு ஆகாது என்றார் இன்னொருவர். அத்தையின் அம்மா பிள்ளைகளை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்களாம்.

"அவங்க சொன்னபடியே ரெண்டு நாள்ல அமெரிக்கா பிரசிடென்ட்டைச் சுட்டுட்டாங்கன்னு சேதி வந்துது. அம்மாவுக்குச் சாகிற வரைக்கும் அந்த வெளிச்சத்து மேலதான் சந்தேகம்," என்றார்கள்.

பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். "ஆச்சி, நீங்களும் வாங்க!" என்று பேத்தி பிடிவாதம் பிடித்தாள். முட்டி வலியோடு எப்படி என்று எனக்குக் கவலை. அத்தையோ, "மெதுவா நடந்தா ஆச்சு" என்று புடவையை எடுத்து வைத்துவிட்டார்கள்.

மாதா கோயிலில் ராக்கெட்

அருங்காட்சியகம் என்றதும் பெரிய கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். அது ஒரு பழைய தேவாலயம்! மரிய மக்தலேனா பெயரில் அமைந்த அந்தக் கோயிலில்தான் நம் நாட்டு ராக்கெட் வேலை ஆரம்பமானது.

ஏன் தும்பா என்று என் மகன் கேட்டான். நீங்கள் போனால் உங்கள் பிள்ளையும் கேட்கும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பூமியே ஒரு பெரிய காந்தம். அதன் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு வெகு அருகில் போகிறது. அந்தக் கோட்டின் மேலே, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், வானத்திலேயே ஒரு மின்சார ஓட்டம் ஓடுகிறது. பலூன் அந்த உயரத்துக்கு எட்டாது; செயற்கைக் கோள்கள் அதற்கும் மேலே சுற்றுகின்றன. நடுவில் உள்ள அந்த இடத்தை ஆராய ராக்கெட்தான் வழி. அதனால்தான் டாக்டர் விக்ரம் சாராபாய் இந்த மீனவக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் இடம் வேண்டுமே! அங்கே குடியிருப்புகளும் கோயிலும் இருந்தன. அப்போதைய ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா தம் மக்களிடமே இதை எடுத்துச் சொன்னார். அவர்கள் சம்மதித்து, வீடுகளையும் கோயிலையும் விட்டுக்கொடுத்து வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜெபம் நடந்த இடம் ஆய்வுக்கூடமானது, ஆயர் வீடு அலுவலகமானது. நம் அப்துல் கலாம் இளம் என்ஜினியராக வந்து வேலை பார்த்த இடம் இதுதான். ராக்கெட்டின் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன காலம் அது.

வீடு மாறுவது என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஒரு வாடகை வீட்டை விட்டு அடுத்த தெருவுக்குப் போவதற்கே நமக்கு மனசு கனக்கும். தலைமுறையாக வாழ்ந்த கடற்கரையையும், கல்யாணமும் ஞானஸ்நானமும் நடந்த கோயிலையும் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டே நான் உள்ளே நுழைந்தேன். பிள்ளைகளுக்கும் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். செருப்புச் சத்தம் கூட இல்லாமல் நடந்தார்கள்.

தேதி ஒத்துப்போனது

முதல் ராக்கெட் பற்றிய பகுதிக்கு வந்தபோது மகள் சத்தமாகப் படித்தாள்: 1963 நவம்பர் 21. அமெரிக்காவில் இருந்து வந்த நைக்-அபாச்சி ராக்கெட். அதில் வைத்து அனுப்பியது சோடியம் ஆவி.

திடீரென்று நின்றாள். "அம்மா, கென்னடியைச் சுட்டது நவம்பர் 22. நமக்குச் சேதி வரும்போது 23 ஆயிருக்கும். ஆச்சி சொன்ன ரெண்டு நாள்!"

ஆக, அத்தை அன்றைக்குப் பார்த்தது கெட்ட சகுனமும் அல்ல, வால் நட்சத்திரமும் அல்ல. இந்தியாவில் இருந்து கிளம்பிய முதல் ராக்கெட் விட்டுச் சென்ற தடம்! தரையில் சூரியன் மறைந்தாலும், 150 கிலோமீட்டருக்கு மேலே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே சோடியம் ஆவியை விட்டால் அது வெயிலில் ஆரஞ்சு நிறமாக ஜொலிக்கும். தெருவில் இருந்த பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் நிறம்தான். அந்தப் புகை எந்தப் பக்கம் கலைகிறது என்று படம் பிடித்துப் பார்த்து, அவ்வளவு உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று கணக்கிடுவார்கள். அதற்காகத்தான் சாயங்கால நேரமாகப் பார்த்து விட்டார்கள்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பாவம், அம்மாவுக்குத் தெரியாமப் போச்சே. கதவைச் சாத்தாம இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருப்பேன்," என்றார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாக மனசில் இருந்த பயம் ஒன்று அந்தக் கோயிலுக்குள் கரைந்துபோனது. என் கணவர் செலவுக் கணக்கைப் பற்றி அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை!

பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சந்திரயான் போன்றவற்றைச் சுமந்து செல்லும் பெரிய ராக்கெட்டுகள் கிளம்புவது ஆந்திராவில் உள்ள ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து. தும்பாவில் ஏவுவது காற்று மண்டலத்தை ஆராயும் சின்ன ராக்கெட்டுகள்தான். இதைச் சொல்லாமல் கூட்டிப்போனால் பிள்ளைகள் முகம் வாடிவிடும்.

அளவுகளை ஒப்பிட்டுச் சொன்னால் குழந்தைகள் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 1967-ல் நாம் சொந்தமாகச் செய்து விட்ட ரோகிணி ராக்கெட்டின் குறுக்களவு 75 மில்லிமீட்டர், நம் வீட்டு டம்ளர் அகலம். 1980-ல் நம் சொந்த ராக்கெட்டான எஸ்.எல்.வி.-3 சுமந்து சென்ற செயற்கைக் கோளின் எடை 35 கிலோ, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் எடை. 2023-ல் சந்திரயான்-3-ஐக் கொண்டுபோன ராக்கெட்டின் உயரம் சுமார் 43 மீட்டர், எடை 640 டன். டம்ளரில் ஆரம்பித்து இங்கே வந்திருக்கிறோம்!

இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். அந்த எஸ்.எல்.வி.-3 முதல் தடவை, 1979 ஆகஸ்டில், கடலில்தான் விழுந்தது. அடுத்த வருஷம் ஜூலையில் ஜெயித்தது. கணக்கில் மார்க் குறைந்தால் மூலையில் உட்கார்ந்து அழும் என் மகளுக்கு நான் சொல்லும் புத்திமதியை விட இந்த இரண்டு தேதிகள் நன்றாக வேலை செய்தன.

குறையும் உண்டு

எல்லாமே இனிப்பாக இருந்தது என்று எழுத மாட்டேன். ஆறு வயது மகனுக்கு அரை மணி நேரம் தாங்கியது. பிறகு "எப்போ போகலாம்?" என்று ஆரம்பித்துவிட்டான். மாதிரிகளைப் பார்க்கலாம், எழுதியிருப்பதைப் படிக்கலாம். ஏறி விளையாடும் இடம் அல்ல அது. மொத்தம் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டோம். அதற்காக மட்டும் தூரத்தில் இருந்து வருவதா என்றால், யோசிக்கத்தான் வேண்டும்.

அதனால் இன்னொரு இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே வேளியில் காயலும் கடலும் சேரும் இடம் இருக்கிறது, சின்னதுகள் ஓடியாடலாம். நகருக்குள் பிரியதர்சினி கோளரங்கம், மிருகக்காட்சி சாலை இரண்டும் உண்டு. நாங்கள் வேளியில் புளிச்சாதத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டோம். மகனுக்கு அன்றைக்குப் பிடித்தது அதுதான்!

கிளம்புமுன் கவனியுங்கள்

* அது பாதுகாப்புள்ள அரசாங்க இடம். பெரியவர்கள் அனைவரும் போட்டோ உள்ள அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அத்தையின் ஆதாரை மறந்து, ரயில் நிலையத்தில் இருந்து ஆட்டோவில் ஓடிப்போய் எடுத்து வந்தோம். ஒரு ரயில் தவறியது.

* திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்னதாகவே விசாரியுங்கள். விடுமுறை நாள் பார்த்துப் போய்க் கதவைத் தட்டாதீர்கள்.

* கேமரா, செல்போன் விஷயத்தில் காவலர் சொல்வதைக் கேட்டு நடங்கள். படம் எடுக்கவா போகிறோம், பார்க்கத்தானே!

* கடலோர வெயிலில் புழுக்கம் அதிகம். குடை, தண்ணீர், பருத்தி உடை அவசியம். வாந்தி வரும் பிள்ளைக்கு ஒரு எலுமிச்சம் பழம்.

* முதல் நாள் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் சாராபாய், கலாம் கதைகளைச் சொல்லி வையுங்கள். கதை தெரிந்த பிள்ளைதான் நின்று பார்க்கும்.

எங்கள் வீட்டுத் தீர்ப்பு

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் மட்டும் உள்ள வீடு என்றால் அவசரப்பட வேண்டாம். இரண்டு வருஷம் பொறுங்கள். எட்டு முதல் பதினாலு வயதுப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் போகலாம். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு நாள் போதும். வெகு தூரத்தில் இருப்பவர்கள் இதற்கென்றே வராமல், திருவனந்தபுரத்துக்கு வேறு காரியமாக வரும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள். நாம் பலகையில் படிக்கும் சரித்திரத்தை அவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். இப்போது எங்கள் வீட்டில் அத்தைதான் தெருப் பிள்ளைகளுக்கு ராக்கெட் கதை சொல்கிறார்கள். "முதல் ராக்கெட்டை நான் பார்த்தேனாக்கும்!" என்று ஆரம்பித்தால் முடிய அரை மணி நேரம் ஆகிறது. அடுப்பில் குழம்பு கொதித்தாலும் நானும் நின்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன்.