வலியே இல்லாத நாளிலும் ஏன் மாத்திரை? நீலகிரியின் 'சிக்கிள் செல்' நோய் பற்றி தெரிஞ்சுக்க வேண்டியவை

நீலகிரி என்றதும் ஊட்டி, குன்னூர், டீ எஸ்டேட், மலை ரயில் எல்லாம் ஞாபகம் வரும். ஆனால் இந்திய மருத்துவ வரலாற்றில் இந்த மலைக்கு இன்னொரு இடமும் இருக்கிறது. சிக்கிள் செல் நோய்க்கான மரபணு இந்தியர்களிடமும் உண்டு என்று உலகுக்குச் சொன்ன முதல் ஆய்வுகளில் ஒன்று, 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்ததுதான். லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அதை பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே ஆண்டு அஸ்ஸாமின் டீ எஸ்டேட் தொழிலாளர்களிடமும் இந்த நோய் இருப்பது பதிவானது.

70 ஆண்டுகள் தாண்டியும் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பகுதிகளில் பணியர், இருளர், குறும்பர் உள்ளிட்ட சமூகங்களில் இந்த நோயோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு மருந்து என்பது நாலு நாள் கோர்ஸ் இல்லை, வாழ்நாள் விஷயம்.

அப்படி ரத்தத்துல என்னதான் ஆகுது?

நம் ரத்தத்தின் சிவப்பணு நடுவில் குழிந்த வட்டமாக, பஞ்சு போல வளையக்கூடியதாக இருக்கும். மெல்லிய ரத்தக் குழாய்க்குள்ளும் நெளிந்து போய்விடும். சிக்கிள் செல் நோயில், ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அதனால் ஆக்ஸிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி, சிவப்பணு விறைத்து, கதிர் அரிவாள் மாதிரி வளைந்துவிடும்.

இதனால் 2 பிரச்னைகள். ஒன்று, சாதாரணமாக 120 நாள் வாழும் சிவப்பணு, இவர்களுக்கு 10 முதல் 20 நாளிலேயே உடைகிறது. அதனால் ரத்தசோகை, மஞ்சள் கண், தீராத சோர்வு. இரண்டு, வளைந்த அணுக்கள் ரத்தக் குழாயை அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட இடத்தில் தாங்க முடியாத வலி வரும். நுரையீரல், மூளை, மண்ணீரல் என எங்கு அடைத்தாலும் ஆபத்துதான்.

ரத்தம் உறைந்து கட்டியாகும் வாய்ப்பும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் கூடுதல் கவனம் தேவை. அப்படி கட்டி உருவானவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் தேவைப்படலாம். அதற்காக சிக்கிள் செல் உள்ள எல்லோருக்கும் அந்த மருந்து தேவை என்று அர்த்தமில்லை.

இது ஒட்டிக்குமா?

ஒட்டாது. தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ வராது. பெற்றோரிடமிருந்து மட்டுமே வரும். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் 'கேரியர்'. கேரியருக்குப் பொதுவாக எந்தத் தொந்தரவும் இருக்காது, மருந்தும் தேவையில்லை.

இரண்டு கேரியர்கள் கல்யாணம் செய்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25% வாய்ப்பு. கேரியராக இருக்க 50%. எதுவுமே இல்லாமல் இருக்க 25%.

ஏன் இந்த மலையில்?

சாபமும் இல்லை, யாருடைய தப்பும் இல்லை. காரணம் மலேரியா. கேரியராக இருப்பவர்களை கடுமையான மலேரியா அவ்வளவு எளிதில் கொல்வதில்லை. வயநாடு, கூடலூர் பக்கத்துக் காடுகள் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர் போனவை. அங்கே தலைமுறை தலைமுறையாக உயிரைக் காத்த மரபணுதான், இரண்டு மடங்காகச் சேரும்போது நோயாகிறது.

தினமும் மாத்திரை எதுக்கு?

முக்கிய மருந்தின் பெயர் ஹைட்ராக்சியூரியா. புற்றுநோய் சிகிச்சையில் பயன்பட்ட மருந்து இது. 1995-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இதைச் சாப்பிட்டவர்களுக்கு வலித் தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 1998-ல் அங்கே சிக்கிள் செல் நோய்க்கு அனுமதி கிடைத்தது. நாம் கருவில் இருந்தபோது உடலில் இருந்த 'சிசு ஹீமோகுளோபின்' என்ற வகையை இந்த மருந்து மீண்டும் கூட்டுகிறது. அது இருந்தால் அணுக்கள் அவ்வளவு சீக்கிரம் வளையாது.

சிக்கல் இங்கேதான். இது வலி மாத்திரை இல்லை. போட்டவுடன் எதுவும் தெரியாது, பலன் தெரிய சில மாதங்கள் ஆகும். வலி நின்றதும் "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்திவிட்டால், சிசு ஹீமோகுளோபின் மறுபடி குறையும், வலியும் திரும்பும். வலி இல்லாமல் இருப்பதே மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம்.

கூடவே, ரத்த அணுக்கள் ரொம்பக் குறைகிறதா என்று டாக்டர் சொல்லும் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். எஸ்டேட்டில் தினக்கூலி வாங்குபவருக்கு ஒரு பரிசோதனை என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு, மலைப்பாதையில் பஸ்ஸும் பிடிக்கணும். மாத்திரை இலவசமாகக் கிடைத்தாலும், அதைத் தொடர்வது இலவசம் இல்லை.

அதனால்தான் ஊருக்குள்ளேயே இருக்கும் சுகாதாரப் பணியாளர்கள் முக்கியம். கூடலூரில் 1990-ல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே நர்சுகளாகவும் கிராம சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்சி பெற்று வேலை செய்கிறார்கள். கோத்தகிரியில் 1958 முதல் இயங்கும் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் இந்தப் பகுதியில் மருத்துவப் பணி செய்துவருகிறது.

குளிர் ஏத்துக்குமா?

உடம்பு சட்டென்று குளிர்வது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, காய்ச்சல், அளவுக்கு மீறிய உடலுழைப்பு இவையெல்லாம் வலியைக் கிளப்பும். மழையில் நனைந்தபடி கொழுந்து பறிக்கும் வேலையில் இதில் முக்கால்வாசி ஒன்றாகவே வந்துவிடும். ஸ்வெட்டரும், கையோடு ஒரு தண்ணீர் பாட்டிலும் இவர்களுக்கு மருந்து மாதிரி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்கு டூர் போக நினைக்கும் நோயாளிகளும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

எப்போ உடனே ஓடணும்?

• காய்ச்சல், குறிப்பாக குழந்தைகளுக்கு
• நெஞ்சு வலி, மூச்சுத்திணறல்
• ஒரு பக்கம் கை, கால் வராமல் போவது, பேச்சு குழறுவது
• திடீரென வெளிறிப்போவது, குழந்தையின் இடது பக்க வயிறு வீங்குவது
• வீட்டு மாத்திரைக்கு அடங்காத வலி

கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது ஹைட்ராக்சியூரியா பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். நீங்களாக நிறுத்தவும் கூடாது, தொடரவும் கூடாது.

நிரந்தரத் தீர்வு இல்லையா?

பொருத்தமான கொடையாளர் கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்றம் குணப்படுத்தும். 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்த 'காஸ்ஜெவி' என்ற மரபணு சிகிச்சையின் விலை 22 லட்சம் டாலர். பந்தலூரில் இருப்பவருக்கு இன்றைக்குக் கையில் இருப்பது தினசரி மாத்திரைதான்.

2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில், 40 வயது வரையிலான 7 கோடி பேரைப் பரிசோதிப்பது இலக்கு. 2047-க்குள் ஒழிப்பது நோக்கம். கல்யாணத்துக்கு முன் ஆலோசனைக்காக, பரிசோதனை முடிவைச் சொல்லும் கார்டும் தரப்படுகிறது.

அந்தக் கார்டு தகவலுக்கு மட்டும்தான். "கேரியர்" என்று வந்ததற்காக ஒரு பெண்ணுக்கு வரன் தட்டிப்போனால், அடுத்த வீட்டுப் பெண் டெஸ்ட்டுக்கே வரமாட்டாள். டெஸ்ட் எடுக்காதவருக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரியாதவருக்கு மாத்திரையும் போய்ச் சேராது.