புதுப்பித்த படகு ஏன் சாய்கிறது?

பழைய விசைப்படகு ஒன்றைப் புதுப்பித்தால் புதுப் பலகையும் வண்ணப்பூச்சும் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்ணுக்குத் தெரியாமல் மாறிவிடுவது படகின் ஈர்ப்பு மையம். கூரை அமைப்பதும், கனமான எஞ்சினைப் பொருத்துவதும், எரிபொருள் தொட்டியை இடம் மாற்றுவதும் அம்மையத்தை நகர்த்தி விடுகின்றன.

மிதக்கும் படகின் எடை, ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கிச் செயற்படுகிறது. நீரின் உந்துவிசையோ, மிதப்பு மையத்தின் வழியே மேல்நோக்கிச் செயற்படுகிறது. படகு சற்றுச் சாய்ந்தால், அதிகம் அமிழ்ந்த பக்கத்திற்கு மிதப்பு மையம் நகரும். அங்கிருந்து செங்குத்தாக மேலே வரையும் கோடு, படகின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். ஈர்ப்பு மையம் இதற்குக் கீழே இருந்தால் படகு தானே நிமிரும். மேலே இருந்தால் மேலும் சாயும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 540 கிலோகிராம் எடையுள்ள படகில், அதன் ஈர்ப்பு மையத்திற்கு 1.5 மீட்டர் உயரத்தில் 60 கிலோகிராம் கூரை அமைக்கிறோம். 60ஐ 1.5ஆல் பெருக்கி, மொத்த எடையான 600ஆல் வகுத்தால் 0.15 வரும். அதாவது ஈர்ப்பு மையம் 15 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது! இரு புள்ளிகளுக்கும் முன்பு 40 சென்டிமீட்டர் இடைவெளி இருந்திருந்தால், இப்போது ஏறத்தாழ 25தான் மிஞ்சும். மூன்று பேர் கூரைமீது ஏறி அமர்ந்தால் அதுவும் போய்விடும்.

படகின் அடியில் தேங்கும் நீரும் ஆபத்தானது. தாம்பாளத்தில் நீரை ஏந்தி நடந்து பாருங்கள். சாய்ந்த பக்கமே நீர் ஓடி, சாய்வைப் பெருக்கும். அகலமான தொட்டியின் நடுவே நீளவாக்கில் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்தால் இத்தீங்கு நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

நோயறிந்து மருந்து தரவேண்டும். படகு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் எடை அப்பக்கம் கூடியிருக்கிறது. அதை நடுவுக்கு மாற்றினால் போதும். ஒருசமயம் இடப்புறம், ஒருசமயம் வலப்புறம் என மாறிமாறிச் சாய்ந்து நின்றால், ஈர்ப்பு மையம் மிக உயர்ந்துவிட்டது என்று ஐயுறவேண்டும். அப்போது உயர்ந்த பக்கத்தில் எடை வைத்தால் படகு மறுபக்கம் வேகமாகச் சரியும். மேலே உள்ள பளுவைக் கீழே இறக்குவதே சரியான வழி. அடியில் புதிதாக எடை சேர்ப்பதற்கும் எல்லை உண்டு. படகு அமிழ்ந்து, விளிம்பு நீர்மட்டத்தை நெருங்கிவிடும்.

பெரிய கப்பலுக்கும் விதி இதுவே. 1912இல் டைட்டானிக் மூழ்கியபின் உயிர்காப்புப் படகுகளைக் கூட்டவேண்டும் என்ற குரல் எழுந்தது. அமெரிக்காவின் ஈஸ்ட்லாந்து என்ற பயணிக் கப்பலின் மேல்தளத்தில் 1915இல் கூடுதல் படகுகள் ஏற்றப்பட்டன. முன்பே நிலையற்றதாயிருந்த அக்கப்பல், அவ்வாண்டு ஜூலை 24 அன்று, 2,500க்கும் மேற்பட்டோருடன் சிகாகோ ஆற்றுத் துறையில் நின்றது. முதலில் கரைப்பக்கமும் பின்னர் ஆற்றுப்பக்கமும் சாய்ந்து, கட்டிய இடத்திலேயே கவிழ்ந்தது. 844 பேர் மாண்டனர்.

எனவே, புதுப்பித்த படகை ஆட்கள் ஏறுமுன் சோதிக்கவேண்டும். காற்றில்லாத வேளையில், உள்ளே தேங்கிய நீரை இறைத்துவிட்டு, கட்டுக்கயிற்றைத் தளர்த்துங்கள். அறிந்த எடை ஒன்றை நடுவிலிருந்து ஓரத்திற்கு நகர்த்தி, தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளந்தால் இரு புள்ளிகளின் இடைவெளியைக் கணக்கிடலாம். 600 கிலோகிராம் படகில் 30 கிலோகிராமை 1 மீட்டர் நகர்த்தும்போது, 1 மீட்டர் நூலில் தொங்கும் குண்டு 10 சென்டிமீட்டர் விலகினால் இடைவெளி 50 சென்டிமீட்டர். 20 விலகினால் 25தான். குண்டின் விலகல் கூடக்கூட, படகின் நிலைப்பு குறைவு என்று அறியலாம்.