சோழியில் கணித்த கிரகணம்

தமிழ்ப் பஞ்சாங்கங்களில் கிரகண நாளுக்குரிய பகுதி, நிழல் முதலில் தொடும் ‘ஸ்பரிச காலம்’, மறைப்பு உச்சமடையும் ‘மத்திய காலம்’, நிழல் முற்றிலும் விலகும் ‘மோட்ச காலம்’ ஆகிய மூன்றையும் மணி, நிமிடக் கணக்கில் கொடுத்துவிட்டு, எந்தெந்த நட்சத்திரத்தில் பிறந்தவர்கள் சாந்தி செய்துகொள்ள வேண்டும், எப்போது தலைமுழுக வேண்டும், கருவுற்ற பெண்கள் எந்நேரம் வெளியே வரக் கூடாது என்பவற்றையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறது. கணக்கும் நம்பிக்கையும் இவ்வாறு ஒரே தாளில் அருகருகே அச்சாவது, பல நூற்றாண்டுகளாக இரண்டையும் ஒரே குடும்பத்தார் கையாண்டு வந்ததன் தொடர்ச்சியாகும்.

நம்பிக்கையின் வேர் பழையது. பாம்பு நிலவை விழுங்கும் காட்சி சங்கப் பாடல்களிலேயே உவமையாக வந்துவிட்டது. பின்னர் பரவிய புராணக் கதையின்படி, தேவர் வரிசையில் மறைந்திருந்து அமுதம் உண்ட அசுரன் ஒருவனைச் சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுக்க, திருமால் அவனை இரு கூறாக வெட்ட, அக்கூறுகளே இராகு, கேது என்னும் பாம்புகளாகிப் பகை தீர்க்க அவ்விருவரையும் அவ்வப்போது பற்றுகின்றன. கிரகணம் ‘பிடிக்கும்’ வேளையில் தண்ணீர்க் குடத்திலும் ஊறுகாய்ச் சாடியிலும் தருப்பைப் புல்லைப் போட்டுவைப்பதும், சமைத்த சோற்றைக் கொட்டிவிடுவதும், ‘விட்டதும்’ குளித்துவிட்டுப் புதிதாக உலையேற்றுவதும் இந்தக் கதையை ஒட்டி எழுந்த வழக்கங்களே. பெரும்பாலான கோயில்கள் அந்நேரத்தில் நடை சாத்தப்பட, இராகு கேது வழிபாட்டுக்குப் பெயர்பெற்ற திருக்காளத்திக் கோயில் திறந்தே இருப்பதும் கதையின் தருக்கத்துக்கு மாறானதன்று.

வானியலில் இராகுவும் கேதுவும் பாம்புகளாக இல்லாவிடினும், இல்லாமற்போகவும் இல்லை. நிலவு பூமியைச் சுற்றும் தளம், பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால் இரு தளங்களும் இரண்டு புள்ளிகளில் மட்டுமே வெட்டிக்கொள்கின்றன. நிலவு வடக்கு நோக்கி ஏறும் புள்ளியை இராகு என்றும், தெற்கு நோக்கி இறங்கும் புள்ளியைக் கேது என்றும் இந்திய வானியலார் குறித்தனர். அமாவாசையும் பௌர்ணமியும் மாதந்தோறும் வந்தாலும் மாதந்தோறும் கிரகணம் வராததற்குக் காரணம் இந்தச் சாய்வுதான்: அமாவாசை நிலவு இப்புள்ளிகளில் ஒன்றை ஒட்டி நிற்கும்போது மட்டுமே அதன் நிழல் பூமியில் விழுகிறது, பௌர்ணமி நிலவு அவ்வாறு நிற்கும்போது மட்டுமே பூமியின் நிழலுக்குள் அது நுழைகிறது. இப்புள்ளிகளும் நிலையாக நில்லாமல் பின்னோக்கி நகர்ந்து சுமார் 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கின்றன. சோதிடத்தில் இராகுவும் கேதுவும் எப்போதும் எதிரெதிரே, பின்னோக்கிய கதியில் செல்வதாகக் கூறப்படுவது இக்கணக்கின் எச்சமே.

கி.பி. 499ஆம் ஆண்டைக் குறிப்பிட்டுத் தம் நூலை எழுதிய ஆரியபடர், நிலவு சூரியனை மறைப்பதே சூரிய கிரகணம், பூமியின் நிழல் நிலவை மறைப்பதே சந்திர கிரகணம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அவருக்குப் பின் 628இல் நூல் செய்த பிரம்மகுப்தர், இராகுவை மறுப்பது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் முரண் என்று கண்டித்தார். ஆனால் கிரகணத்தைக் கணிக்க வேண்டிய இடத்தில் அவரும் நிழலின் விட்டத்தைத்தான் அளந்தார். பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி இந்த முரணைக் கண்டு வியந்ததில் வியப்பில்லை. அறிந்ததை அறிந்தபடி சொல்வதும், ஊரோடு ஒத்துப்போவதும் ஒரே ஆளிடம் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தமிழகத்தில் இந்நிலைமை இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காக 1768இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், அடுத்த ஆண்டு அந்நாளில் மேகம் மூடியதால் வந்த வேலை கெட்டுப்போனாலும், அங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாளின் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துக் காட்டியது. அக்கால ஐரோப்பாவில் மிகச் சிறந்தவை எனப் போற்றப்பட்ட தோபியாஸ் மேயரின் அட்டவணைகளோ 68 விநாடி கூட்டிக் காட்டின. ஒரு கிரகணத்தை வைத்து ஒரு மரபை எடைபோடுவது சரியன்று என்பதும் உண்மை. 1825இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ என்னும் நூலில் ஜான் வாரன், புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் அவ்வாண்டு மே 31ஆம் நாள் இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைத் தரையில் சோழிகளை அடுக்கியே கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். அக்கணக்கு தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிசகியது. எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, நிலவின் நாள்நிலைகளை 248 சிறு தொடர்களாக மனப்பாடம் செய்யும் ‘வாக்கிய’ முறையே இத்தகைய கணிப்பின் அடிப்படை. நிலவு பூமிக்கு மிக அருகில் வந்து திரும்பும் சுற்று ஒன்பது முறை முடிய ஏறத்தாழ 248 நாள் ஆகிறது என்பதில்தான் அவ்வெண்ணின் இரகசியம் இருக்கிறது. வாரனின் கணிதருக்குக் கணக்கின் பின்னாலிருந்த கோட்பாடு தெரியாது, நினைவாற்றல் மட்டுமே இருந்தது. எப்போது என்பதைக் கணிக்கத் தெரிந்தவர் ஏன் என்பதை அறியாமலே இருக்க முடிந்ததால்தான், பாம்புக் கதைக்கு இடையூறின்றிப் பஞ்சாங்கம் பிழைத்தது எனலாம்.

எப்போது, ஏன் என்னும் இவ்விரண்டையும் இணைக்க முயன்றவர், பஞ்சாங்கக் குடும்பத்தில் பிறந்து சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக உயர்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சூரியனில் ஹீலியம் என்னும் தனிமத்தின் தடயத்தைக் காட்டிய 1868 ஆகஸ்டு 18 முழுச் சூரிய கிரகணத்தை, ஐதராபாத் நிசாமின் ஆட்சிப்பகுதியிலிருந்த வனபர்த்தியில் அவர் பார்வையிட்டார். வானில் கண்டதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்னும் திருக்கணித முறையிலேயே அவர் பஞ்சாங்கமும் வெளியிட்டார்.

நம்பிக்கைகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதற்கில்லை. கிரகணத்தின்போது உலக்கை நட்டுவைத்தபடி நிற்கும் என்று காட்டுவதில் பொய்யில்லை. பூண் தட்டையாக உள்ள உலக்கை மற்ற நாளிலும் பொறுமையுள்ளவர் கைக்கு நிற்கும், அதை யாரும் சோதிப்பதில்லை என்பதே செய்தி. குழந்தைக்கு உதடு பிளவுபடும் என்னும் அச்சமோ அப்படிச் சிரித்துக் கடக்கத் தக்கதன்று. கருவின் மேலுதடு முதல் இரண்டு மாதங்களுக்குள் உருவாகிவிடுகிறது. மரபணுக்களும் புகைப்பழக்கம் போன்ற காரணிகளுமே அதில் குறை ஏற்படக் காரணம். அப்படியிருக்க, நிறைமாதப் பெண்ணை மணிக்கணக்கில் தண்ணீரின்றி இருட்டறையில் அடைப்பது அவளுக்கே கேடு. இவற்றைவிட இரங்கத்தக்கவை, கிரகணத்தில் தனிக் கதிர்வீச்சு பாய்கிறது, தருப்பை அதைத் தடுக்கிறது என்று அறிவியல் சொற்களைப் பூசிவரும் புதிய விளக்கங்கள். நிலவு ஒளியை மறைக்கிறதே தவிர, எதையும் புதிதாகக் கூட்டுவதில்லை. பழைய கதை குறைந்தது கதையாகவாவது இருந்தது.

சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாகாது என்ற தடை மட்டும் காரணத்தோடு நிற்கிறது. மற்ற நாளில் கூசித் திரும்பிவிடும் கண், பாதி மறைந்த சூரியனை உற்று நோக்கத் துணிகிறது. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு இல்லாததால், அது வெந்துபோவது அப்போது தெரிவதுமில்லை. கறுப்புக் கண்ணாடியோ எக்ஸ்ரே படமோ போதாது. அதற்கென்றே தயாரித்த சூரிய வடிகட்டி வேண்டும், அல்லது அட்டையில் ஊசித்துளையிட்டு மறுபக்கத் தாளில் விழும் பிம்பத்தைப் பார்க்கலாம். சந்திர கிரகணத்துக்கு இத்தடை ஏதும் தேவையில்லை. கோவை, திண்டுக்கல் வட்டாரங்களில் 2019 டிசம்பர் 26ஆம் நாள் தெரிந்ததைப் போன்ற கங்கண கிரகணம், அதாவது நிலவு தொலைவில் இருப்பதால் சூரியனை முழுதும் மறைக்க முடியாமல் விளிம்பில் ஒளி வளையம் எஞ்சும் கிரகணம், 2031 மே 21ஆம் நாள் நண்பகலை ஒட்டிக் கேரளம், தென் தமிழகம், வட இலங்கை ஆகியவற்றின் மேல் கடந்து செல்லவிருக்கிறது.