குதிகால் வலியும் கொழுந்து மலையும்

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வழிவிட்டார். அதன் பின்னர் எமது பங்கிலும் தோட்டத்துத் தாய்மார் அந்த வரிசையில் அமர்கிறார்கள். கடந்த முறை ஒரு தாயின் குதிகாலைத் தொட்டதும் அவர் சட்டெனக் காலை இழுத்துக்கொண்டார். கூச்சமென்று நினைத்தோம். வலி.

பூசை முடிந்து விசாரித்தோம். காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கையில் ஆணி அடித்தாற்போல் குத்துமாம். சற்று நடந்தால் குறையும். கொழுந்து நிறுத்துவிட்டு உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்தும். குதிகால் வலியில் மிகப் பொதுவான வகைக்கு இதுவே அடையாளம்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை, உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை வில்லின் நாண்போல் ஓடுகிறது. எலும்போடு சேருமிடத்தில் அது இழுபட்டு இழுபட்டு நைந்துபோகிறது. நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்கி நிற்பவர்களுக்குக் கெண்டைக்கால் தசை இறுகி, இந்த இழுவையைக் கூட்டுகிறது. மெல்லிய இறப்பர் செருப்பு ஆதரவு தராது; ஈரத்தில் வழுக்குவதால் அதையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்பவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் ‘முள்’ தெரிகிறதென்று பயப்பட வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அந்த முள் இருக்கிறது.

பாயிலேயே உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் கணைக்கால் பக்கம் வளைத்துப் பத்து எண்ணும்வரை பிடியுங்கள். இப்படிப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை. முதல் தடவை எழுந்து நிற்குமுன். 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கெண்டைக்காலை மட்டும் நீட்டியவர்களைவிட இப்படிச் செய்தவர்கள் கூடிய சுகம் கண்டார்கள். மாலையில் குளிர்ந்த நீர் நிரப்பிய போத்தலைப் பாதத்தின் கீழ் உருட்டலாம். எம் மலையில் அதற்கு ஐஸ் தேடத் தேவையில்லை! பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் குணமாகும்.

குதிகாலில் போடும் ஸ்டீரொயிட் ஊசி சில வாரங்களே கைகொடுக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் நார் அறுந்துபோகவும் கூடும். சத்திரசிகிச்சை வெகு சிலருக்கே. கடையில் வாங்கும் வலி மாத்திரையைத் தினமும் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வீக்கம், காய்ச்சல், மரத்துப்போதல், இரவிலும் ஓயாத வலி இருந்தாலோ, விழுந்தபின் வலி வந்தாலோ, நீரிழிவு உள்ளவரானாலோ வைத்தியசாலைக்குப் போங்கள். 2017இல் புதுக் கட்டடம் திறக்கப்பட்ட டிக்கோயா போன்ற அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

‘காலுக்கு ஓய்வு கொடுங்கள்’ என்று வைத்தியர் சொல்வது சரியே. ஆனால் கிலோ குறைந்தால் அரைப்பெயர்தானே விழும்? ஓய்வு அந்தத் தாயின் கையில் இல்லை. சில வாரம் சரிவு குறைந்த மலையை ஒதுக்கிக்கொடுப்பது தோட்ட நிர்வாகத்தால் முடியாத காரியமல்ல. சம்பளத்துக்காகக் குரல் கொடுக்கும் தொழிற்சங்கங்கள் நல்ல பாதணிக்காகவும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

அந்தத் தாய் பயிற்சி தொடங்கி இது ஐந்தாம் மாதம். காலையில் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறார். தடித்த அடியுள்ள சப்பாத்து மட்டும் இன்னும் வாங்கவில்லை. மகனின் பாடசாலைச் சப்பாத்து முதலில் என்கிறார்.